முட்டு வலிக்கு ஊசி: குமரி மாவட்டத்தில் முதல்முறையாக அக்குபங்சர் பார்க்கப் போகிறவர்களுக்கு

அம்மாவுக்கு முட்டு வலி தொடங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. இருபத்தைந்து வருடம் அண்டி ஆபீசில் மடக்கி உட்கார்ந்தே முந்திரிப் பருப்பு தோலுரித்த கால்கள். மார்த்தாண்டத்தில் பஸ் நின்றால் எல்லாரும் இறங்கி முடிக்கிற வரை இருக்கையிலேயே இருப்பாள். பிறகு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குவாள். அக்குபங்சர் பார்க்கலாமா என்று நான் பேச்செடுத்தபோது பக்கத்து வீட்டு மாமிதான் முதலில் கேட்டார்: "முட்டுல போயி ஊசி குத்துவாவளா? நம்ம ஆசான்கிட்ட எண்ணெ போட்டுத் தடவினா போராதா?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு பத்து முறை அம்மாவோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் கழுத்து வலிக்கு நானும் படுத்தேன். ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று தேடிப் படித்தேன். நான் வைத்தியன் இல்லை. முதல்முறை போகிற ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்டால் என்ன சொல்வேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வலியின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊசி போடுகிறவரைத் தேடும் முன் ஒரு மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளோ, உங்களுக்குப் பழக்கமான எலும்பு மருத்துவரோ, யாராக இருந்தாலும் சரி. 'முட்டு வலி' என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. தேய்மானமாக இருக்கலாம், யூரிக் அமிலமாக இருக்கலாம், முடக்குவாதமாக இருக்கலாம், இடுப்பு மூட்டில் உள்ள கோளாறு முட்டில் வலியாகத் தெரியவும் செய்யலாம். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தேய்மானம் என்று உறுதியான பிறகுதான் அடுத்த அடியை வைத்தோம்.

சில வலிகளுக்கு அக்குபங்சர் பக்கமே போகக் கூடாது. நெஞ்சில் அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் உடனே 108. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரென்று சோர்ந்துபோதல், பேச்சு குழறுதல், வாழ்நாளில் வராத மாதிரி திடீரென்று வெடிக்கிற தலைவலி, இவற்றுக்கும் 108தான். இடுப்பு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனால், அல்லது தொடை இடுக்கு மரத்துப்போனால் அன்றைக்கே மருத்துவமனை. முதுகெலும்பின் கீழே உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம் அது. ஒரு நாள் தாமதித்தாலும் நிரந்தரப் பாதிப்பு வரலாம்.

இன்னும் சில: காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் உடல் மெலிவதோடு வரும் வலி, ராத்திரி படுத்தாலும் குறையாத வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் எலும்பு வலி, விழுந்த பிறகு வரும் வலி, ஒரே நாளில் சிவந்து சூடாகி வீங்கிய மூட்டு. இதிலெல்லாம் காரணம் தெரியும் வரை ஊசிக்குப் போகாதீர்கள். வலி குறைந்துவிட்டால் அதன் காரணம் கண்ணில் படாமலே போகும் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். கால் வலி குறைந்ததே என்று நிம்மதியாக இருப்போம். உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆசான் வைத்தியமும் இதுவும் ஒன்றா

மாமியின் கேள்விக்கு வருகிறேன். உடம்பின் உயிர்ப்புள்ளிகளை வைத்து வைத்தியம் பார்க்கும் வர்மம் நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. நூற்றெட்டு வர்மப் புள்ளிகள், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று இங்கே பல வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அடிமுறையும் சிலம்பமும் கற்றுக்கொடுத்த ஆசான்களே அடிபட்டதற்கு இளக்கவும் கட்டவும் தடவவும் செய்தார்கள். அது சித்த மருத்துவத்தின் கிளை.

அக்குபங்சர் சீனாவில் வளர்ந்தது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்தைய சீன மருத்துவ நூல்களிலேயே ஊசி வைத்தியம் இருக்கிறது. அதில் உடம்பில் 14 பாதைகள், அவற்றின் மேல் 361 புள்ளிகள் என்று கணக்கு. இரண்டு முறைகளிலும் சில புள்ளிகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வரும். ஆனால் படிப்பு வேறு, கருவி வேறு, நோயைப் பார்க்கும் விதம் வேறு. வர்ம ஆசான் என்பதால் ஊசி போடத் தெரியும் என்றோ, ஊசி போடுகிறவர் என்பதால் வர்மம் தெரியும் என்றோ எண்ண வேண்டாம்.

ஒரு நடைமுறை யோசனை. ஆசானிடம் தடவுவது, ஆயுர்வேதக் கிழி, அக்குபங்சர் மூன்றையும் ஒரே மாதத்தில் செய்யாதீர்கள். எதனால் குறைந்தது, எதனால் கூடியது என்று யாருக்கும் தெரியாமல் போகும். அம்மாவுக்கு ஊசி போட்ட இரண்டு மாதமும் நாங்கள் கொட்டஞ்சுக்காதி தைலத்தைக்கூட ஒதுக்கி வைத்தோம்.

எந்த வலிக்கு, எவ்வளவு எதிர்பார்க்கலாம்

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அக்குபங்சர் பற்றி 'எல்லாம் குணமாகும்' என்றும் 'எல்லாம் ஏமாற்று' என்றும் இரண்டு குரல்தான் காதில் விழுகிறது. நான் படித்த அளவில் உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்து 2007இல் வெளியானது. ஒரு குழுவுக்கு முறையான அக்குபங்சர். இன்னொரு குழுவுக்குப் புள்ளி இல்லாத இடங்களில் மேலோட்டமாகப் போட்ட போலி ஊசி. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்து நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முதல் குழுவில் 47.6 சதவீதம், போலி ஊசிக் குழுவில் 44.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஊசி வைத்தியம் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலன் கிடைத்தது. வழக்கமான சிகிச்சையை விட அது தெளிவாக அதிகம். ஆனால் ஊசி சரியான புள்ளியில்தான் விழுந்ததா என்பதால் வந்த வித்தியாசம் சின்னது. படுத்து ஓய்வெடுப்பது, ஒருவர் அக்கறையாக நம்மைக் கவனிப்பது, குறையும் என்ற நம்பிக்கை, தோலில் ஊசி படுவதே தரும் தூண்டல் எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்திருக்கின்றன.

2018இல் 39 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 20,800 பேரின் தகவல்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். முதுகு, கழுத்து வலி, தோள் வலி, மூட்டுத் தேய்மானம், நாள்பட்ட தலைவலி ஆகியவற்றில் போலி ஊசியை விட உண்மையான ஊசி கொஞ்சம் கூடுதலாகவே உதவியது. ஒரு வருடம் கழித்தும் பலன் பெருமளவு நின்றது.

ஆனாலும் நிபுணர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. முட்டுத் தேய்மானத்துக்கு அமெரிக்க மூட்டு மருத்துவர் சங்கம் 2019இல் அக்குபங்சரை நிபந்தனையோடு பரிந்துரைத்தது. பிரிட்டனின் அரசு வழிகாட்டி 2022இல் வேண்டாம் என்றது. ஜெர்மனியிலோ நாள்பட்ட இடுப்பு வலிக்கும் முட்டுத் தேய்மானத்துக்கும் பொதுக் காப்பீடே பணம் கொடுக்கிறது. அம்மாவுக்கு நான் இப்படிச் சொன்னேன்: "தேய்ந்த எலும்பு இதால வளராது. வலி கொஞ்சம் கொறையலாம், கொறையாமலும் போகலாம். பத்து தடவை பார்ப்போம்." அவள் சரி என்றாள்.

பார்க்கத் தகுந்தவை என்று நான் நினைப்பவை: நாள்பட்ட இடுப்பு வலி, கழுத்துப் பிடிப்பு, முட்டுத் தேய்மானம், அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலியும் இறுக்கத் தலைவலியும். அதிகாலையில் எழுந்து ரப்பர் மரத்துக்கு மரம் குனிந்து பால் வெட்டுகிறவர்களுக்கும், வலை இழுத்துத் தோள் பிடித்துப்போனவர்களுக்கும் இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்று இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் உறைந்து கையைத் தூக்க முடியாமல் போவது சகஜம். அதில் ஊசியோடு பயிற்சியும் கட்டாயம் சேர வேண்டும். எலும்பு முறிவு, தொற்று, முடக்குவாதத்தால் மூட்டு எலும்பு அரிக்கப்படுவது போன்றவற்றுக்கு அக்குபங்சர் மருந்துக்கு மாற்று ஆகாது.

ஊசி எப்படி வலியைக் குறைக்கிறது என்பதில் பழைய விளக்கம் 'சி' என்ற உயிரோட்டம் பாதைகளில் தடைபடுவதைச் சரிசெய்வது. இன்றைய விளக்கம் நரம்பு வழி. ஊசி தசையிலுள்ள நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது, அந்தச் சேதி தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகிறது, உடம்பு தானே எண்டார்பின் போன்ற வலிநிவாரணிகளைச் சுரக்கிறது. எந்த விளக்கத்தை நம்பினாலும் படுக்கையில் நடப்பது ஒன்றுதான்.

யாரிடம் போவது

அதிகம் தடுமாறுகிற இடம் இது. மத்திய அரசின் சுகாதார அமைச்சகம் 2019இல் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்று ஆணை வெளியிட்டது. மேற்கு வங்கத்தில் 1996லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. 1938இல் டாக்டர் கோட்னிசோடு சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர் பிஜோய் குமார் பாசுதான் பின்னாளில் இந்த வைத்தியத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர், அதனால் அங்கே வேர் ஆழம். நம் பக்கத்தில் சில மாத வகுப்பு முடித்துப் பலகை வைத்தவரும் இருக்கிறார், ஐந்தரை வருடம் படித்தவரும் இருக்கிறார். பலகையைப் பார்த்து இருவரையும் பிரித்தறிய முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என் தேர்வு வரிசை இது. முதலில், யோகா மற்றும் இயற்கை மருத்துவத்தில் பட்டம் பெற்றவர். அவர்கள் பாடத்திட்டத்தில் அக்குபங்சர் உண்டு. அல்லது எம்பிபிஎஸ் போன்ற பட்டத்துக்கு மேல் அக்குபங்சர் பயின்ற மருத்துவர். ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்குப் போகும்போது இயற்கை மருத்துவப் பிரிவிலும் ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள். பிசியோதெரபி நிலையங்களில் 'ட்ரை நீடிலிங்' என்று சொல்வதும் ஊசிதான். ஆனால் அங்கே சீனப் புள்ளிகளைப் பார்ப்பதில்லை; இறுகிய தசை முடிச்சில் நேராகப் போடுவார்கள்.

தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்று பலகை வைத்த இடங்கள் பலவற்றில் ஊசியே எடுக்க மாட்டார்கள். நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியில் விரல் வைத்து அனுப்பிவிடுவார்கள். தொடு சிகிச்சை என்பார்கள். நான் மேலே சொன்ன ஆய்வுகள் ஊசி போட்டு நடத்தியவை. தொடு சிகிச்சைக்கு அதே பலனை எதிர்பார்க்க அவை ஆதாரம் ஆகாது. எனவே போனில் பேசும்போதே கேளுங்கள்: ஊசி போடுவீர்களா, விரலா?

அதோடு இந்தக் கேள்விகளையும் கேளுங்கள். என்ன படித்தீர்கள், எங்கே? ஒரு தடவைக்குக் கட்டணம் எவ்வளவு, மொத்தம் எத்தனை தடவை? ஊசி ஒவ்வொருவருக்கும் புதிதா? சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள். நல்ல வைத்தியர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். அம்மாவுக்குப் பார்த்தவர், கேட்கும் முன்பே உறையைக் கையில் கொடுத்துக் காலாவதித் தேதியைப் பார்க்கச் சொன்னார்.

மூன்று விஷயங்களில் ஒன்று கண்ணில் பட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒன்று, திரும்பப் பயன்படுத்துகிற ஊசி. என் கழுத்துக்கு நான் முதலில் போன ஓர் இடத்தில் ஊசிகளைச் சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருந்தார்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இப்படிப் பரவக்கூடியவை. ஸ்பிரிட்டில் நனைப்பது கிருமி நீக்கம் ஆகாது. நான் படுக்காமலே வந்துவிட்டேன். இரண்டு, 'சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையை எல்லாம் நிறுத்திவிட்டு வாருங்கள்' என்று சொல்வது. இந்த வார்த்தையை நம் ஊரில் நான் பல பேரிடம் கேட்டிருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். இன்சுலினை நிறுத்தியவர் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போகலாம். வலிக்கு ஊசி போடுகிறவருக்கு உங்கள் மாத்திரையை நிறுத்தச் சொல்ல உரிமை கிடையாது. மூன்றாவது, இருபது முப்பது தடவைக்கு மொத்தமாக முன்பணம் கேட்பது.

போகிற நாள்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஊசி போடும்போது மயக்கம் வருபவர்களில் பலர் சாப்பிடாமல் போனவர்கள். இரண்டு இட்லியோ, ஒரு கும்பா கஞ்சியோ சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போனால் நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் படுக்க வேண்டாம். குடித்திருந்தால் அன்றைக்குப் போகவே கூடாது.

முட்டுக்கும் முழங்கைக்கும் மேலே தூக்கிக்கொள்ள முடிகிற துணி உடுத்துங்கள். பெண்கள் சேலையை விட நைட்டி, சுடிதார் போட்டுப் போனால் வசதி. தேவைப்பட்டால் ஒரு பெண் துணையோடு போங்கள். துணைக்கு வந்தவர் உள்ளே உட்காரக் கூடாது என்றால் அந்த இடம் வேண்டாம். எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு, ரத்தப் பரிசோதனைக் காகிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவற்றை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, வலிப்பு நோய் உண்டா, கர்ப்பமா, சர்க்கரை நோயால் பாதம் மரத்திருக்கிறதா, யானைக்கால் வீக்கம் உள்ளதா. பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் கொடுக்கும் முறை கூடாது. கர்ப்பிணிகளுக்குச் சில புள்ளிகளைத் தொடுவதில்லை. மரத்துப்போன பாதத்தில் புண் வந்தால் தெரியாது, வீங்கிய காலில் தொற்று எளிதில் ஏறும். அந்த இடங்களை விட்டுவிடுவார்கள்.

படுக்கையில் என்ன நடக்கும்

ஊசி என்றதும் ஆஸ்பத்திரி ஊசி ஞாபகத்துக்கு வரும். இது வேறு. பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் கனம், உள்ளே துளை கிடையாது, மருந்து ஏற்றுவதில்லை. மருந்து ஏற்றும் ஊசியின் கனம் பெரும்பாலும் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு "போட்டாச்சா?" என்று கேட்டபோது நாலு ஊசி போட்டு முடித்திருந்தார்கள்.

முட்டுக்கு என்றால் முட்டைச் சுற்றி மட்டும் போட மாட்டார்கள். முட்டுச் சில்லின் கீழே இருபக்கமும் உள்ள குழிகளிலும், கணுக்காலிலும், சில சமயம் கையிலும் போடுவார்கள். தோலைத் தாண்டும்போது எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக்கு. அதற்குப் பிறகு ஊசியைக் கொஞ்சம் திருகும்போது ஒரு கனம், மதமதப்பு, இழுக்கிற மாதிரி ஒரு மந்த வலி வரும். சீனத்தில் 'தே சி' என்பார்கள். வைத்தியர்கள் அதைத் தேடித்தான் திருகுகிறார்கள். மின்னல் அடித்த மாதிரி விண்ணென்று தெறித்தாலோ, எரிந்தாலோ உடனே சொல்லிவிடுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நரம்பில் பட்டிருக்கலாம்.

இருபது முதல் முப்பது நிமிடம் படுத்திருப்பீர்கள். அந்த நேரத்தில் ஊசி உள்ள கையையோ காலையோ அசைக்காதீர்கள். சிலர் ஊசியில் மெல்லிய மின்சாரம் கொடுப்பார்கள், தசை லேசாகத் துடிக்கும். சிலர் மோக்சா என்ற மூலிகைத் தக்கையைப் பற்றவைத்துச் சூடு காட்டுவார்கள். அது மாசிபத்திரி இனத்துச் செடி. தோவாளைப் பூச்சந்தையில் விற்கிற மரிக்கொழுந்துக்கு உறவு. வாசனை கொஞ்சம் காரமாக இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த காலில் சூடு வைக்க விடாதீர்கள், தோல் வெந்தாலும் தெரியாது.

ஊசி போடும்போதே எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். எடுக்கும்போதும் எண்ணுங்கள். தலைமுடிக்குள்ளும் முட்டுக்குப் பின்னாலும் ஓர் ஊசி மறந்துபோவது நடக்கிற காரியம். எடுத்த ஊசி துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். மருத்துவக் கழிவுக்கான 2016ஆம் வருட விதி அது.

கழுத்து, தோள், மேல் முதுகு, நெஞ்சுப் பகுதியில் ஊசி போடுகிறவரிடம் ஆழத்தைப் பற்றிக் கேளுங்கள். ஆழமாகப் போனால் நுரையீரல் உறையில் ஓட்டை விழலாம். மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. வீடு திரும்பிய பிறகு மூச்சு விடும்போது நெஞ்சு குத்தினாலோ மூச்சு வாங்கினாலோ, 'ஊசி வேலை செய்கிறது' என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வீடு திரும்பும்போது

எழுந்ததும் நடக்காதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். முதல் தடவை முடிந்ததும் சிலருக்குத் தூக்கம் சொக்கும். அன்றைக்கு மட்டும் பைக் ஓட்டாமல் ஒரு துணையோடு போவது நல்லது. ஊசி போட்ட இடத்தில் ஒரு சொட்டு ரத்தமோ, சின்ன நீலக் கன்றலோ வரலாம். ஒன்றிரண்டு நாள் வலி கூடவும் செய்யலாம். அதற்கு மேல் நீடித்தாலோ, ஊசி போட்ட இடம் சிவந்து சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். அன்றைக்கு வலி குறைந்துவிட்டது என்று மறுநாளே தென்னந்தோப்பில் மண்வெட்டி பிடிப்பது வேண்டாம். எங்கள் வீட்டில் அப்பா அப்படிச் செய்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்துவிட்டார்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

எல்லாவற்றையும் விட உங்களுக்கு உதவப்போவது இதுதான். பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு போதும். முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். தினமும் ராத்திரி நாலு விஷயம் மட்டும் எழுதுங்கள். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு. ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள். அன்றைக்கு எத்தனை வலி மாத்திரை. அப்புறம், நீங்களே தேர்ந்தெடுத்த ஒரு காரியம், அதைச் செய்ய முடிந்ததா இல்லையா.

அந்த நாலாவது விஷயம் மிக முக்கியம். வலி ஏழா ஆறா என்பது மனசைப் பொறுத்து மாறும். ஆனால் வாசல் படியில் சுவரைப் பிடிக்காமல் இறங்கினேனா என்பது மாறாது. அம்மா தேர்ந்தெடுத்தது பஸ் படி. கடலுக்குப் போகிறவர் வள்ளத்தில் கால் தூக்கி ஏறுவதை வைத்துக்கொள்ளலாம். பால் வெட்டுகிறவர் எத்தனை மரம் முடித்துவிட்டு இடுப்பு பிடித்தது என்று எழுதலாம். இளையவர்கள் சிதறால் மலைப் பாதையில் எந்த இடம் வரை நிற்காமல் ஏறினார்கள் என்று பார்க்கலாம்.

வாரம் ஒன்று அல்லது இரண்டு தடவை ஊசி என்று வைத்துக்கொண்டால், ஆறு தடவை முடிந்ததும் நோட்டைத் திறந்து பாருங்கள். ஒரு மாற்றமும் இல்லையென்றால் வைத்தியரிடம் நோட்டைக் காட்டுங்கள், புள்ளிகளை மாற்றச் சொல்லுங்கள். பத்தாவதிலும் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். 'இன்னும் பத்து தடவை வந்தால் சரியாகும்' என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அது உங்கள் தவறும் அல்ல, வைத்தியரின் தவறாகவும் இருக்க வேண்டியதில்லை. அந்த ஜெர்மன் ஆய்விலும் பாதிப் பேருக்குப் பலன் வரவில்லையே.

வலி குறையும் அந்த நாட்களை வீணாக்காதீர்கள்

ஊசி தரும் நிம்மதி சில வாரங்கள், சில மாதங்கள் நிற்கலாம். அந்த இடைவெளியில் தசையைப் பலப்படுத்தினால்தான் தங்கும். முட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி உதவும் என்பதில் மருத்துவ வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அம்மாவுக்குப் பிசியோதெரபிஸ்ட் கொடுத்தது எளிய பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்க வேண்டும். காலையில் பத்து, மாலையில் பத்து. வலி ஏழில் இருந்தபோது இதை அவளால் மூன்று தடவைகூடச் செய்ய முடியவில்லை. ஊசிக்குப் பிறகு ஐந்தாகக் குறைந்தபோது முடிந்தது. என் கணிப்பில் அக்குபங்சர் அவளுக்குச் செய்த பெரிய உதவி இதுதான்.

வலி மாத்திரையைக் குறைப்பதும் இந்தச் சமயத்தில்தான். மருத்துவரிடம் கேட்காமல் மெடிக்கலில் வாங்கித் தினமும் போடுகிற வலி மாத்திரை வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நோட்டை மருத்துவரிடம் காட்டி அவர் சொல்கிறபடி குறையுங்கள்.

வீட்டில் ஊசி வேண்டாம், விரல் போதும்

ஆன்லைனில் ஊசிப் பெட்டி கிடைக்கிறதே, வீடியோ பார்த்து நாமே போடலாமே என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். கூடவே கூடாது. எலும்பும் நரம்பும் ரத்தக் குழாயும் எங்கே எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்று வீடியோ சொல்லாது. விரலால் அழுத்துவதில் அந்த ஆபத்து இல்லை. ஊசிக்குச் சமம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பஸ்சுக்குக் காத்திருக்கும்போது செய்யலாம்.

முட்டுக்கு: சில்லின் கீழ் விளிம்புக்கு வெளிப்பக்கம் ஒரு குழி இருக்கும். அந்தக் குழியிலிருந்து உங்கள் நான்கு விரல் அகலம் கீழே, கால் எலும்பின் முன் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளிப்பக்கம். சீனர்கள் சூசான்லி என்கிறார்கள். உங்கள் விரலால்தான் அளக்க வேண்டும். ஒவ்வொருவர் உடம்புக்கும் அவரவர் விரல்தான் அளவுகோல். தலைவலிக்கு: பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில், ஆட்காட்டி விரல் எலும்பின் நடுப்பக்கமாக. பெயர் ஹெகு. கர்ப்பிணிகள் இதை அழுத்த வேண்டாம். கழுத்துப் பிடிப்புக்கு: மண்டை ஓட்டின் அடியில், பிடரியின் இருபக்கமும் உள்ள பள்ளங்கள். பெருவிரலால் ஒரு நிமிடம், மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக அழுத்தி எடுங்கள். வலிக்கும் அளவுக்கு அழுத்த வேண்டாம்.

அம்மாவின் நோட்டு இப்போதும் அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் வலி ஏழு, தினமும் ஒரு மாத்திரை. ஆறாவது ஊசிக்குப் பிறகு ஐந்து. பத்தாவதுக்குப் பிறகு நாலு, வாரத்துக்கு இரண்டு மாத்திரை, மருத்துவர் சொன்னபடி. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை; அந்த மாதங்களில் முட்டு இறுகுகிறது என்று அவள் சொல்வதால் அப்போது மட்டும் ஒன்றிரண்டு தடவை போய் வருகிறோம். பயிற்சி நிற்கவில்லை. மார்த்தாண்டத்தில் பஸ் நின்றால் இப்போது கூட்டத்தோடு சேர்ந்து இறங்குகிறாள், கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.